திருமதி லிங்கனின் தலையிடி

1875ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி சிக்காகோ நகரப் பத்திரிகைகள் ஒரு வழக்குச் செய்தியைப் பத்தி பத்தியாக வெளியிட்டிருந்தன. பத்து ஆண்டுகளுக்கு முன்னர் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரி ரொட் லிங்கன் சித்த சுவாதீனம் இழந்தவர் என்று முதல்நாள் தீர்ப்பாகியிருந்தது. வழக்கைத் தொடுத்தவர் வேறு யாருமல்லர். நான்கு பிள்ளைகளில் உயிரோடு எஞ்சியிருந்த ஒரே மகனான ரொபேர்ட் லிங்கன்தான்.

அன்று சாட்சிக் கூண்டில் ஏறிய மருத்துவர்களில் டொக்டர் வில்லிஸ் டான்ஃபோர்த்தும் ஒருவர். அவர் 1873ஆம் ஆண்டிலேயே திருமதி லிங்கனுக்குச் சிகிச்சை அளித்தவர். அமெரிக்கப் பழங்குடியினர் ஒருவரின் ஆவி தன் தலைக்குள் இருந்து வேலை செய்வதாகவும், தன் கண்களிலிருந்து, குறிப்பாக இடது கண்ணிலிருந்து, கம்பிகளை உருவி எடுப்பதாகவும் அவர் தன்னிடம் கூறினார் என்று டொக்டர் சாட்சியம் அளித்தார். பைத்தியத்துக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா என்று அன்று பத்திரிகை படித்த பலரும் நினைத்திருப்பார்கள்.

நானும் நீண்டகாலம் நீதிமன்றச் செய்திகளை எழுதியவன். சாட்சி சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது எங்களுக்கு மூத்தவர்கள் கற்றுத்தந்த பாடம். ஆனால் அந்த வழக்கின் விவரங்களைப் படித்தபோது என் மனதில் எழுந்த கேள்வி வேறு. கண்ணுக்குள் இருந்து கம்பியை உருவுவது போன்ற நோவு என்பது கடுமையான தலையிடி உள்ளவர்கள் அன்றாடம் சொல்லும் வார்த்தை அல்லவா? எங்கள் ஊரில் தலையிடிக்காரர் ஒருவர் 'மண்டைக்குள்ளே யாரோ சம்மட்டியால் அடிக்கிறான்' என்று சொன்னால், அந்தச் சம்மட்டிக்காரன் யார் என்று எவரும் விசாரிப்பதில்லை. திருமதி லிங்கன் ஆவியுலகத் தொடர்பில் உண்மையாகவே நம்பிக்கை வைத்திருந்தவர். ஆகவே அவர் சொன்னது உவமையா, மருட்சியா என்று இன்று எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால் அந்தத் தலையிடி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி, அவருடைய புத்தி தெளிவானதா என்ற கேள்விக்குள் புதைந்துபோய்விட்டது.

இதைப் புரிந்துகொள்ள வழக்குக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னோக்கிச் செல்ல வேண்டும். 1863ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் திகதி. பென்சில்வேனியா மாநிலத்தில் கெற்றிஸ்பேர்க் போர் உச்சத்தில் இருந்தது. வோஷிங்டனின் புறநகரில் 'படைவீரர் இல்லம்' என்று அழைக்கப்பட்ட கோடைகால வாசஸ்தலத்திலிருந்து வெள்ளை மாளிகையை நோக்கித் திருமதி லிங்கன் குதிரை வண்டியில் வந்துகொண்டிருந்தார். வழியில் சாரதியின் ஆசனம் கழன்று விழ, குதிரைகள் மிரண்டு ஓடின. வண்டியிலிருந்து கீழே விழுந்த அவருடைய தலை கூரிய கல்லொன்றில் மோதியது. ஆசனத்தை யாரோ வேண்டுமென்றே தளர்த்தி வைத்திருந்தார்கள் என்றும், குறி வைக்கப்பட்டவர் ஜனாதிபதியே என்றும் சந்தேகம் எழுந்தது.

மறுநாள் லிங்கன் மகனுக்கு ஒரு தந்தி அனுப்பினார். கவலைப்படாதே, அம்மாவுக்கு மிகச் சிறிய காயம்தான் என்பது அதன் சாரம். ஆனால் சில நாட்களில் காயம் சீழ்ப்பிடித்தது. கிருமித் தொற்றைப் பற்றிய அறிவு மருத்துவ உலகில் வேரூன்றாத காலம் அது. தாதி ஒருவர் வாரக் கணக்கில் அருகில் இருந்து பராமரிக்க வேண்டியதாயிற்று. அம்மா அந்த விழுகையிலிருந்து முழுமையாக மீளவில்லை என்றே தான் நினைப்பதாக ரொபேர்ட் பிற்காலத்தில் தன் தாயின் சகோதரி ஒருவரிடம் கூறியிருக்கிறார். அதே ரொபேர்ட்தான் பின்னர் மனுதாரராக நீதிமன்றத்துக்குச் சென்றார் என்பது இந்த வரலாற்றின் வேதனையான பகுதி.

விபத்துக்கு முன்னரும் திருமதி லிங்கனுக்குக் கடும் தலையிடி வருவதுண்டு. அதற்குப் பின்னர் அது அடிக்கடி வந்தது என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், கணவனைத் தன் பக்கத்து ஆசனத்திலேயே துப்பாக்கிக் குண்டுக்குப் பலி கொடுத்தவர் என்பதையும் மறந்துவிடலாகாது. அவருடைய நோய்க்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது வரலாறும் ஆகாது, வைத்தியமும் ஆகாது.

அக்காலத்தில் தலையிடிக்கு என்ன மருந்து இருந்தது? அஸ்பிரின் இல்லை. பனடோல் இல்லை. அபினை மதுசாரத்தில் கரைத்துத் தயாரித்த லோடனம் இருந்தது. அது அமெரிக்காவில் மருத்துவரின் சீட்டு இல்லாமலே மருந்துக்கடைகளில் கிடைத்தது. அபினிலிருந்து பிரித்தெடுத்த மோர்பினும் 1832இல் கண்டறியப்பட்ட கொடேயினும் இருந்தன. 1869ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஒஸ்கார் லீப்ரைக் நித்திரை மருந்தாக அறிமுகப்படுத்திய குளோரல் ஹைட்ரேட்டும் வந்து சேர்ந்தது. திருமதி லிங்கன் நித்திரைக்காகக் குளோரல் எடுத்து வந்தார் என்பதை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த மருந்துகள் எல்லாம் நோவை மறக்கடிப்பவை. ஆனால் தொடர்ந்து எடுத்தால் மயக்கம், குழப்பம், அடிமைத்தனம் என்று தமக்கே உரிய நோய்களையும் கொண்டு வருபவை. ஒருவருடைய குழப்பத்தில் அடிபட்ட தலையின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு, துயரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியும் ஆற்றல் அன்றைய மருத்துவத்துக்கு இருக்கவில்லை. நீதிமன்றத்துக்கு எப்படி இருக்கும்?

விசாரணை ஒரு பிற்பகலில் முடிந்தது. கடைச் சிப்பந்திகளும் ஹோட்டல் ஊழியர்களும் அவர் தேவைக்கு மிஞ்சிப் பொருட்கள் வாங்கியதைச் சொன்னார்கள். ஏறத்தாழ 56,000 டொலர் பெறுமதியான கடன் பத்திரங்களை உள்ளாடையில் தைத்து வைத்திருந்ததும் வெளிவந்தது. அவருடைய தரப்பில் ஒரு சாட்சிகூட அழைக்கப்படவில்லை. பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரிக் குழு, அனைவரும் ஆண்கள், சுமார் பத்து நிமிடத்தில் தீர்ப்போடு திரும்பியது.

மறுநாள் அவர் தங்கியிருந்த ஹோட்டலின் மருந்துக்கடைக்குச் சென்று லோடனமும் கற்பூரமும் கலந்த மருந்து கேட்டதாகவும், சந்தேகம் கொண்ட கடைக்காரர் விஷமற்ற திரவம் ஒன்றைக் கொடுத்து அனுப்பியதாகவும் பத்திரிகைகள் எழுதின. அவர் கேட்டது நரம்பு நோவுக்கு என்று. அவர் தற்கொலைக்கு முயன்றார் என்று பத்திரிகைகள் முடிவு செய்தன. முதல்நாள்வரை நோவுக்கு மருந்தாக இருந்த அதே போத்தல், தீர்ப்புக்குப் பின்னர் உயிர்மாய்க்கும் கருவியாகிவிட்டது. பற்றேவியா என்ற ஊரில் இருந்த தனியார் மனநோய் இல்லத்தில் அவர் சேர்க்கப்பட்டார். மைரா பிராட்வெல் என்ற சட்ட அறிஞரும் அவருடைய கணவரும் எடுத்த முயற்சியால் செப்டெம்பர் மாதமே வெளியில் வந்தார். 1876ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் திகதி இன்னொரு ஜூரிக் குழு அவர் சித்தத் தெளிவு பெற்றவர் என்று தீர்ப்பளித்தது. 1882ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் திகதி அவர் காலமானார்.

ஜனாதிபதியின் மனைவிக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களின் நிலை எப்படி இருந்திருக்கும்? அதே நாட்டில், அதே காலத்தில் வாழ்ந்தவர் ஹரியற் ரப்மன். மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த அவர் சிறுமியாக இருந்தபோது, தப்பியோடிய இன்னொரு அடிமையை நோக்கி மேற்பார்வையாளன் எறிந்த இரண்டு இறாத்தல் இரும்புப் படிக்கல் அவருடைய தலையில் பட்டது. ஆயுள் முழுவதும் கடும் தலையிடியும், பேச்சின் நடுவிலேயே திடீரென ஆட்கொள்ளும் உறக்கமும் அவரைத் தொடர்ந்தன. அந்தத் தலையோடுதான் அவர் தப்பி வந்து, மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்று, ஏறத்தாழ எழுபது பேரை விடுவித்து அழைத்து வந்தார். முதுமையில் நோவு தாங்க முடியாமல் பொஸ்டன் நகர வைத்தியசாலை ஒன்றில் தலையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். மயக்க மருந்தை மறுத்து, போர்க்களத்துச் சிப்பாய்களைப் போலத் துப்பாக்கி ரவையைப் பல்லில் கடித்துக்கொண்டு படுத்திருந்தார் என்று சொல்லப்படுகிறது. அடி விழுந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகியும் அவருக்குக் கைகொடுக்க ஒரு மருந்து இருக்கவில்லை.

அத்திலாந்திக்கின் மறுகரையில் வேறொரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. புகையிரதம் பெருகிய இங்கிலாந்தில் விபத்துகளும் பெருகின. வெளியில் கீறல்கூட இல்லாதவர்கள் மாதக்கணக்கில் தலையிடி, மறதி, நித்திரையின்மை என்று முறையிட்டார்கள். இலண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் எரிக் எரிக்சன் 1866இல் வெளியிட்ட நூலில், அதிர்ச்சியால் நரம்பு மண்டலமே பாதிக்கப்படுகிறது என்று வாதிட்டார். புகையிரதக் கம்பனி ஒன்றின் மருத்துவராக இருந்த ஹேர்பேர்ட் பேஜ் 1883இல் அதை மறுத்து எழுதினார். அச்சமும் நட்டஈட்டு எதிர்பார்ப்புமே பெரும்பாலான முறைப்பாடுகளின் வேர் என்பது அவருடைய கட்சி. 1961இல் பிரித்தானிய நரம்பியல் நிபுணர் ஹென்றி மில்லர் ஏறக்குறைய அதே வாதத்தைப் புதுப்பித்தார். நட்டஈடு தீர்ந்ததும் நோயும் தீர்ந்துவிடுகிறது என்றார். நட்டஈடு கிடைத்த பின்னரும் நோவு தொடர்வதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆனாலும் 'நடிக்கிறான்' என்ற சொல் வைத்தியசாலை விறாந்தைகளை விட்டு இலகுவில் போகவில்லை.

நம்பாத மருத்துவரிடம் நோயாளி திரும்பிப் போவதில்லை. அவர் மருந்துக்கடைக்குப் போகிறார். அங்கே இருபதாம் நூற்றாண்டு அவருக்காகப் புதிய குளிசைகளை அடுக்கி வைத்திருந்தது. 1897இல் பேயர் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் தூய வடிவில் தயாரிக்கப்பட்ட அஸ்பிரின் 1899இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னரே, 1887இல், பினசெற்றின் வந்திருந்தது. அது நீண்டகாலப் பாவனையில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது நிரூபணமாகி, 1983இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து நீக்கப்படும்வரை கோடிக்கணக்கானோர் அதை விழுங்கினார்கள். 1918இல் சுவிற்சர்லாந்தில் ஆர்தர் ஸ்ரோல் எர்கொற்றமீனைப் பிரித்தெடுத்தார். பரசிற்றமோல் 1956இல் பிரித்தானியாவில் பனடோல் என்ற பெயரோடு வந்தது. மனச்சோர்வுக்காக 1961இல் வெளிவந்த அமிற்றிப்ரிலீன் தலையிடியையும் தடுக்கும் என்பது பின்னர் தெரியவந்தது. இருதய நோய்க்காக ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புறொபிரனலோலும் அவ்வாறே ஒற்றைத் தலையிடிக்குத் தடுப்பு மருந்தாயிற்று. 1991இல் சுமற்றிப்ரான் வந்தது.

இந்த நீண்ட பட்டியலில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. இவற்றில் ஒன்றுகூடத் தலையில் அடிபட்டவரின் தலையிடிக்கென்று உருவாக்கப்பட்டதல்ல. அந்த நோவுக்கென்றே நிலைநாட்டப்பட்ட தனி மருந்து இன்றுவரை இல்லை. 2018இல் வெளியான சர்வதேசத் தலையிடி வகைப்பாட்டின்படி, அடிபட்ட அல்லது சுயநினைவு திரும்பிய ஏழு நாட்களுக்குள் தொடங்குவது இந்த வகையைச் சேரும். மூன்று மாதங்களைத் தாண்டினால் அது நிலைத்துவிட்ட தலையிடி. மருத்துவர்கள் அந்த நோவு எந்த வழக்கமான தலையிடியை ஒத்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒற்றைத் தலையிடி போல ஒரு பக்கமாகத் துடித்து, குமட்டலும் வெளிச்சத்தைத் தாங்க முடியாமையும் இருந்தால் அதற்குரிய மருந்து. தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியது போல இருந்தால் வேறு மருந்து. அளவும் காலமும் ஆளுக்கு ஆள் மாறும். நோயாளி தன் நோவை விவரித்துச் சொல்லும் சொற்களே இதற்கு அடிப்படை. திருமதி லிங்கனின் எந்த வார்த்தைகள் அவருக்கு எதிரான சாட்சியாயினவோ, அத்தகைய வார்த்தைகளே இன்று மருந்தைத் தெரிவு செய்யும் சாவி.

1951இலேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இருவர் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார்கள். எர்கொற்றமீனை அளவுக்கு மீறி எடுத்தவர்களுக்கு அந்த மருந்தே தலையிடியை வளர்த்தது. மருந்தை நிறுத்தியபோது பலருக்குக் குணம் தெரிந்தது. 1982இல் லீ குட்றோ என்ற மருத்துவர் சாதாரண நோவுக் குளிசைகளுக்கும் இது பொருந்தும் என்று எழுதினார். இன்று இதற்குக் கணக்கே இருக்கிறது. அஸ்பிரின், பரசிற்றமோல் போன்ற தனி மருந்துகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, கொடேயின் கலந்த குளிசைகள், சுமற்றிப்ரான், எர்கொற்றமீன் போன்றவற்றை 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், மருந்தே தலையிடிக்குக் காரணமாகிவிடும் அபாயம் உண்டு. அடிபட்டு வந்த தலையிடி எப்போதோ தணிந்திருக்கும். குளிசை தந்த தலையிடி மட்டும் எஞ்சியிருக்கும். நோயாளிக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

இதை நான் நேரில் கண்டதுண்டு. எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் ஒப்புநோக்குநராக இருந்த நண்பர் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். படம் பிடித்துப் பார்த்து, தலைக்குள் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றுமில்லை என்ற அந்த வார்த்தையை நாங்களும் நம்பினோம். வெளிச்சத்தில் கண் கூசுகிறது, எழுத்து ஆடுகிறது என்று அவர் சொன்னபோது, இரவு வேலைக்குக் கள்ளமடிக்கிறார் என்று பேசிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அவருடைய மேசை லாச்சியில் பனடோல் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. காலையில் இரண்டு, மதியம் இரண்டு, அச்சுக்குப் போகும் வேளையில் இரண்டு. ஒன்றரை ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு மருத்துவர் அவரிடம், தலையிடி எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பாக, மாதத்தில் எத்தனை நாள் குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்டாராம். படிப்படியாக நிறுத்தச் சொல்லி, இரவில் எடுக்கும்படி சிறிய அளவில் வேறொரு மருந்தும் எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டு வாரங்கள் நரகம் என்றார் நண்பர். பின்னர் மெல்ல மெல்லப் பழைய மனிதர் ஆனார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு ஒப்புநோக்கப் போய்விட்டார்.

தலைக்குள் ஒன்றுமில்லை என்பதன் பொருளையும் இங்கே விளக்க வேண்டும். 1971 ஒக்டோபரில் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தப்பட்ட சீ.ரி. கருவி தலைக்காயச் சிகிச்சையையே மாற்றியமைத்தது. மண்டையோட்டுக்குள் கசியும் இரத்தத்தை அது காட்டிக்கொடுக்கும். எத்தனையோ உயிர்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மூளை அதிர்ச்சியால் வரும் தலையிடியை அந்தப் படத்தில் காண முடியாது. படம் சுத்தமாக இருப்பது அவ்வேளையில் இரத்தக் கசிவு தென்படவில்லை என்பதற்கு அத்தாட்சியே தவிர, நோவு இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

ஆபத்து இருக்கும் வேளை வேறு. தலையில் அடிபட்ட பின்னர் தலையிடி நேரத்துக்கு நேரம் கூடினால், மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தால், தூக்கக் கலக்கமோ பேச்சில் தடுமாற்றமோ வலிப்போ கைகால் சோர்வோ கண்டால், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிந்தால், குளிசையைத் தேடாமல் வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். முதியவர்களுக்கு அடிபட்டு வாரங்கள் கழித்தும் இரத்தக் கசிவு வெளிப்படலாம். அஸ்பிரினும் இபுபுறொபனும் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துவதால், உள்ளே கசிவில்லை என்று உறுதியாகும்வரை அவற்றைத் தவிர்த்து, அளவோடு பரசிற்றமோல் எடுப்பதே பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை.

எங்கள் தேசத்தில் மூன்று தசாப்த யுத்தம் 2009இல் முடிந்தது. ஷெல் வெடிப்பில் தூக்கி எறியப்பட்டவர்கள், தலையில் இரும்புச் சிதறலோடு வாழ்பவர்கள், விசாரணை அறைகளில் தலையில் அடிவாங்கியவர்கள் எத்தனையோ பேர் வன்னியிலும் உண்டு, ரொறன்ரோவிலும் பாரிஸிலும் உண்டு. வெயில் ஏறினால் தலை இடிக்கிறது என்று அவர்கள் சொல்லும்போது, வீட்டில் நெற்றியில் சித்தாலேப பூசுகிறோம், சுக்கரைத்துப் பற்றுப் போடுகிறோம், பெட்டிக்கடையில் பனடோல் வாங்கிக் கொடுக்கிறோம். அவை அன்பின் வெளிப்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தலையிடி எப்போது தொடங்கியது, எந்த அடிக்குப் பின்னர் தொடங்கியது, மாதத்தில் எத்தனை நாள் குளிசை போடுகிறார் என்று உட்கார்ந்து கேட்ட வீடுகள் எத்தனை? ஒரு நாட்காட்டியில் தலையிடி வந்த நாளையும் குளிசை எடுத்த நாளையும் புள்ளியிட்டுக்கொண்டு மருத்துவரிடம் போனால், அவருக்கு அது எந்தப் படத்துக்கும் குறையாத சாட்சியம்.

1875இல் அந்த நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த செய்தியாளர்கள் என் தொழிலின் மூதாதையர். கேட்டதைப் பிழையின்றி எழுதினார்கள். டொக்டர் டான்ஃபோர்த் சாட்சிக் கூண்டை விட்டு இறங்கியபோது, 1863ஆம் ஆண்டு ஜூலையில் அந்த அம்மையாரின் தலையில் பட்ட கல்லைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வியாவது கேட்கப்பட்டிருந்தால், தீர்ப்பு மாறியிருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் செய்தியை இன்று படிக்கும்போது, எழுதப்பட்டதைவிடக் கேட்கப்படாததே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.